மாதிரி

நாடகத்தில் எனக்கு வசனம் குறைவு.
ஒல்லாந்தர் காலத்துக் கோட்டையில்
சாட்சி சொல்வதை எழுதும் குமாஸ்தா.
பகலில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் என்பதால்
வேறு வேடத்துக்கு என்னை யாரும் யோசிக்கவில்லை.

மண்டபச் சுவரில் ஒட்டிய போஸ்டரை
இரவில் வந்த மான்கள்
எட்டிய உயரம்வரை தின்றிருந்தன.
நாளும் நேரமும் போய்விட்டது.
மேலே ‘சூனியக்காரி’ மட்டும் மிச்சம்.

கதை இதுதான்:
மூன்று மாதமாய்க் கரைவலை வெறுமையாய் வருகிறது.
சீதேவிப்பிள்ளையின் கொல்லையைத் தோண்டினால்
செப்புத்தகடு, ஆணி குத்திய எலுமிச்சம்பழம்.
வேலைக்காரப் பெண் பொன்னி
முதலாம் காட்சியில் பொய் சொல்கிறாள்:
“நடுச்சாமம். தலையை விரிச்சுப்போட்டுப் புதைச்சா. கண்டேன்.”
நம்புகிறார்கள்.
மூன்றாம் காட்சியில் உண்மை சொல்கிறாள்.

பொன்னியாய் வந்தவள் நிரோஜினி, மருந்துக்கடையில் வேலை.
பொய்யை நன்றாகச் சொன்னாள்;
கை நடுங்கியது, நடுவில் தண்ணீர் கேட்டாள்.
உண்மை வந்ததும் மரக்கட்டை.
“அழு பிள்ளை” என்றார் நெறியாளர் குணநாயகம்,
“அழாட்டி ஆர் நம்புவினம்?”
“உண்மைக்கு ஏன் அண்ணை அழவேணும்?”
அவரிடம் பதில் இல்லை. தேத்தண்ணி வந்தது.
என்னிடம் இருந்தது. சொல்லவில்லை.

அந்தக் கிழமைதான்
திருக்கடலூர் இராசமலர் கூண்டில் ஏறினாள்.
வள்ளம் எரிந்த வழக்கு.
எரித்தவனைக் கண்டீரா?
“கண்டமாதிரி இருந்தது ஐயா.
இருட்டு. நடை அவன்ட நடை.”
நீதவானுக்கு நான் சிங்களத்தில் சொன்னேன்:
தெக்கா.
கண்டாள்.
ஒரு மாதிரியைத்தான் விட்டேன்.
மின்விசிறி நின்றிருந்தது,
இன்னும் ஏழு வழக்கு.

குறுக்கு விசாரணை.
முகத்தைக் கண்டீரா?
“காணேல்லை.”
முன்னம் கண்டதாகச் சொன்னீரே?
“நான் அப்பிடிச் சொல்லேல்லை.”
பதிவைப் புரட்டினார்கள். சொல்லியிருந்தாள்,
என் வாயால்.
முன்னுக்குப்பின் முரணான சாட்சி,
நம்பகத்தன்மை அற்றவர்.
இதையும் நான்தான் அவளுக்குத் தமிழில் சொன்னேன்.
அதில் ஒரு சொல்லும் விடவில்லை.

ஞாயிறு மீன் சந்தையில்
நாலு சூடை கூடப் போட்டுத் தந்தாள்.
“நீங்க வடிவாத்தான் சொன்னீங்க அம்மா.
அவைக்கு விளங்கேல்லை.”
அன்று ஒத்திகையில் என் விரலில்
செதில் ஒட்டியிருந்தது.

நாடக இரவு கதிரை போதவில்லை.
சனம் யன்னலில் தொங்கியது.
மூன்றாம் காட்சி. நிரோஜினி அழவில்லை.
விலை சொல்லும் குரலில், பிரதியில் இல்லாதபடி,
“நான் காணேல்லை. கண்டமாதிரிச் சொல்லச் சொன்னாங்க.
சொன்னன்.”
பின்வரிசையில் ஒருவன் சிரித்தான்.
துறைமுகத்தில் கப்பலொன்று ஊதியது.

நீதிபதி வேடத்தில் ஓய்வுபெற்ற தபாலதிபர் தங்கவடிவேல்:
“முன்னம் இவள் சொன்னதென்ன? குமாஸ்தா, வாசியும்.”
என் வசனம், ‘கண்டேன் என்றாள், துரை.’
கையில் இருந்ததோ பழைய கடைக் கொப்பி,
யாரோ வாங்கிய அரிசி, யாரோ கட்டாத கடன்.
அதைப் பார்த்தபடியே வாசித்தேன்:
“கண்டமாதிரி என்றாள், துரை.
மாதிரியை நான்தான் விட்டுவிட்டேன்.”

தங்கவடிவேலின் ஒட்டுமீசை ஒரு பக்கம் கழன்றது.
திரைக்குப் பின்னால் குணநாயகம்
இரண்டு கையாலும் எதையோ வெட்டினார்.
கயிற்றின் கீழே நின்ற சீதேவிப்பிள்ளை,
கணக்குப் பாடம் எடுக்கும் கோமளேஸ்வரி ரீச்சர்,
ஆறு வாரத்தில் முதல்முறையாக
தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தா.
தப்பலாம்போல ஒரு பார்வை.

அவர் தொண்டையைச் செருமினார்.
அடுத்த பக்கம் அவருக்கு மனப்பாடம்.
“சாட்சி நம்பத்தக்கதல்ல. தூக்கு.”

கைதட்டல். விசில்.
பிறகு ஆறிய வடை.
மீசையைக் கடதாசியில் மடித்துக்கொண்டே
தங்கவடிவேல் சொன்னார்:
“அந்த இடம் நல்லாச் செய்தீர் பிள்ளை.
உண்மையா நடந்தமாதிரியே இருந்தது.”